ராயல் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்

கனடாவின் கிழக்கோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் ரிசர்வ் காலாட்படை. பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பயிற்சி பெறுவோர் இதன் வீரர்கள். தலைமையிடம் செயின்ட் ஜான்ஸ் நகரம்.

1795இல் தாமஸ் ஸ்கின்னர் இதே பெயரில் ஒரு படையைத் திரட்டினார். பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய 1812 போரில் டெட்ராய்ட் முற்றுகையில் பங்கேற்ற நியூஃபவுண்ட்லாந்துப் படையும் பின்னர் கலைக்கப்பட்டது. இன்றைய மரபுகளோ முதல் உலகப்போர் வெடித்த 1914இல் தொடங்குகின்றன. நியூஃபவுண்ட்லாந்து அப்போது கனடாவில் சேராத தனி டொமினியன். மக்கள்தொகை சுமார் 2,40,000. சொந்தமாக ராணுவமே இல்லை. சில வாரங்களில் திரண்ட முதல் ஐந்நூறு பேருக்குக் கெண்டைக்காலில் சுற்றக் காக்கிப் பட்டை கிடைக்காமல் நீலப் பட்டை தந்தார்கள். ‘நீலப் பட்டைக்காரர்கள்’ என்ற பெயர் அதனால் வந்தது. 1915 செப்டம்பரில் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கினார்கள்.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரான்சின் போமோன்-ஹாமெலில் ஜெர்மானியர் எய்த வெள்ளை ஒளிக்குண்டை, முன்சென்ற பிரிட்டிஷ் படையின் வெற்றிச் சைகை என்று தளபதிகள் தவறாக எண்ணினர். முன்வரிசைக்குச் செல்லும் பதுங்குகுழிகள் மாண்டவர்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைபட்டிருந்தன. எனவே காலை 9.15 மணியளவில் ரெஜிமென்ட் பின்வரிசைக் குழியிலிருந்தே திறந்தவெளியில் ஏறி நடந்தது. தங்கள் பக்கத்து முள்வேலியின் இடைவெளிகளை அடையும்போதே இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களைச் சாய்த்தன. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சென்றவர்கள் ஏறத்தாழ 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68. அந்தச் சின்னத் தீவில் ஏதோ ஒரு வகையில் துக்கம் தொடாத ஊர் அரிதாகிப்போனது.

அப்படியும் படை கலையவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டு போரிட்டது. 1917இல் ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பட்டம் பெற்ற ஒரே ரெஜிமென்ட் இதுதான். 1918 அக்டோபரில் பெல்ஜியத்தின் லெடேகெம் அருகே, குண்டுமழைக்கு நடுவே ஓடித் தோட்டா கொண்டுவந்த டாமி ரிக்கெட்ஸ் விக்டோரியா கிராஸ் என்ற உயரிய வீரப்பதக்கம் பெற்றார். வயது 17, படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன பையன்.

போருக்குப்பின் கலைக்கப்பட்ட படை, தீவு கனடாவில் சேர்ந்த 1949இல் ரிசர்வ் படையாக மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் சின்னம் கரிபூ மான்தலை. சிற்பி பேசில் காட்டோ வடித்த வெண்கலக் கரிபூக்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அது போரிட்ட ஐந்து களங்களில் நிற்கின்றன. கலிப்பொலியில் ஒன்று பின்னாளில் சேர்ந்தது.

ஜூலை 1 கனடாவுக்குத் தேசிய நாள். நியூஃபவுண்ட்லாந்துக்கு நினைவு நாளும்கூட. காலையில் சட்டையில் ‘மறவாதே என்னை’ என்ற நீலப்பூவைக் குத்திக்கொண்டு போர்நினைவுச் சின்னத்தில் கூடுகிறார்கள்; கொண்டாட்டம் பிற்பகலில்தான். இரண்டையும் ஒரே நாளில் தாங்கும் இந்த வழக்கத்தைப் படையின் எந்தப் பட்டத்தைவிடவும் பெரிய மரபாகக் கொள்ளலாம். 2024இல் அதே நாளில், வடக்குப் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட அடையாளம் தெரியாத நியூஃபவுண்ட்லாந்து வீரர் ஒருவரின் உடல் செயின்ட் ஜான்ஸில் அடக்கம் செய்யப்பட்டது.