கால்குலஸில் யார் தோற்றார்கள்?

அரியர் வைத்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஊர்ல தீர்ப்பு ரெடியா இருக்கும்: "படிக்கிற எண்ணமே இல்ல." இந்தத் தீர்ப்பை ஒருத்தர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த கதைதான் இன்னைக்கு எபிசோட்.

இடம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். காலம், 1970-கள். யூரி ட்ரைஸ்மன் அங்கே கணித ஆய்வு மாணவர். கால்குலஸ் வகுப்புகளில் யார் நல்லா படிக்கிறாங்க, யார் திணறுறாங்கன்னு டீச்சிங் அசிஸ்டென்ட்களிடம் விசாரித்தார். திணறுகிறவர்களில் கறுப்பின மாணவர்கள் அதிகம். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் முதல் கால்குலஸ் பாடத்தை முடித்த கறுப்பின மாணவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு 'டி' அல்லது 'எஃப்' கிரேடு. கால்குலஸ் கையை விட்டுப் போனால் இன்ஜினியரிங் கனவும் போச்சு.

ஏன் இப்படின்னு ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை. இந்த நாலுதான் பதில். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவணும்னு நினைத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு.

ட்ரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்தார். படிக்கிற இடத்துக்கே கேமராவோடு போய், மாதக்கணக்கில் கூடவே இருந்தார். அந்த நாலு காரணங்களும் ஒண்ணொண்ணா உதிர்ந்தன. இவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதல் இடம் பிடித்தவர்கள். பெற்றோர் இவர்கள் காலேஜுக்குப் போகணும்னு உயிரை விட்டவர்கள்.

வித்தியாசம் வேற இடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் வாரம் சுமார் எட்டு மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள். ஆனா தனியா. படிப்பு ஒரு பக்கம், நண்பர்கள் இன்னொரு பக்கம். சீன மாணவர்கள் வாரம் சுமார் 14 மணி நேரம். முதலில் தனியாகப் போட்டுப் பார்ப்பார்கள். சாயங்காலம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விடைகளை ஒப்பிடுவார்கள். எல்லாருக்கும் 82 வந்து, ஒருத்தருக்கு மட்டும் 'பை' வந்தால், தப்பு எங்கேன்னு அவருக்கு உடனே தெரிந்துவிடும். யாருக்குமே வரலைன்னா, கணக்கே கஷ்டமானதுன்னு புரிந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசிங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியா உட்கார்ந்து ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டவருக்கு, கணக்கு கஷ்டமா, இல்லை தனக்கு மண்டையில் ஏறலையான்னு சொல்ல யாரும் இல்லை. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நம்புவார். அடுத்த வாரம் கிளாஸுக்கு வர மாட்டார். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அது "ஆர்வம் இல்லை"ன்னு தெரியும்.

சீனக் கலாச்சாரம் உசத்தின்னு இந்தக் கதையைத் திரித்துச் சொல்கிறவர்களும் உண்டு. நாற்பது பேரை வைத்து ஒரு இனத்தையே எடை போட முடியாதுங்க. கிடைத்தது ஒரு பழக்கம். அதை யாருக்கும் ஏற்பாடு செய்து கொடுக்கலாம்.

அதைத்தான் அவர் செய்தார். பின்தங்கியவர்களுக்கான தனிப் பயிற்சி பெர்க்லியில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் பள்ளியில் முதலிடம் வாங்கியவர் 'வீக் ஸ்டூடன்ட்' பெயர்ப்பலகை மாட்டிய அறைக்குள் ஏன் போவார்? 1978-ல் ட்ரைஸ்மன் தொடங்கிய ஒர்க்‌ஷாப்பில் அழைப்பே வேற மாதிரி: நீங்க திறமைசாலி, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகள் தர்றோம், வாங்க. சின்னச் சின்னக் குழுக்கள், நடுவில் வொர்க்‌ஷீட், ஓயாத வாக்குவாதம். நடத்துகிறவர் விடையைச் சொல்ல மாட்டார், சுற்றி வருவார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தக் கடினமான கணக்குகள்தான். மதிப்பெண் குறைந்தவருக்கு எளிய கணக்கு கொடுப்பதை நாம் இரக்கம்னு நினைக்கிறோம். வாங்குகிறவருக்கு அது அவமானம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் அதே வகுப்பின் வெள்ளையர், ஆசியரையும் தாண்டி மதிப்பெண் வாங்கினார்கள். 1988-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் இதே முறையைக் கொண்டுவந்தது. அங்கே அதற்கு 'எமர்ஜிங் ஸ்காலர்ஸ்' என்று பெயர். மேலே வந்துகொண்டிருக்கும் அறிஞர்கள்னு அர்த்தம்.