ஓலை கொண்டு வந்தவர்கள்: செகந்தராபாத் ஆங்கிலிக்கன் சபையும் நம் தமிழரும்

மெட்டுகுடாவில் நான் பாத்திரக் கடை வைத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. பிறந்தது வந்தவாசிப் பக்கம், சமணக் குடும்பம். சமணனுக்குச் சர்ச் விஷயத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

கடைக்கு அருகே ரயில்வே குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். லாலாகுடா ஒர்க்ஷாப்பில் வேலை. பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர்கள் முறைப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கணும். பெண்ணின் பேர் எந்தச் சபைப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டார்கள். ஊர்ப் பதிவேட்டில்தான் இருந்தது, இங்கே இல்லை. அன்று சாயங்காலம் கடையில் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, பதினோரு வருஷமா நான் அங்க விருந்தாளியாத்தான் போயிட்டு வந்திருக்கேன்" என்றார். ஊருக்கு எழுதிக் கடிதம் வரவழைத்தார். கல்யாணமும் நல்லபடி நடந்தது. அந்த 'விருந்தாளி' என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'பாரிஷ்' என்ற சொல். இங்கிலாந்தில் அது நிலத்தைக் குறிக்கும். இன்ன ஓடை முதல் இன்ன சாலை வரை ஒரு கோயிலின் எல்லை. அதற்குள் குடியிருப்பவருக்கு அங்கே கல்யாணம் செய்யவும் அடக்கமாகவும் உரிமை உண்டு. உறுப்பினர் பட்டியல் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டித்தான் அங்கேயே வாக்காளர் பட்டியல் முறை வந்தது.

அந்த முறை நிஜாம் சீமையில் எப்படிச் செல்லும்? 1798 ஒப்பந்தத்தின்படி கும்பினிப் படை இங்கே தங்கியது. 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்தராபாத் உண்டாயிற்று. 1813இல் புனித யோவான் ஆலயம் எழுந்தது. படை சென்னைப் பட்டாளம். அதன் பின்னாலேயே நம்ம ஆட்களும் வந்தார்கள்: சிப்பாய், கணக்கர், சமையல்காரர், சரக்கு கொடுக்கும் வியாபாரி. ஆனால் பட்டாளத்துக் கோயில் முதலில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்காக ஏற்பட்டது. நம்மவருக்குக் கதவு திறந்தது மிஷன் சபைகள் வழியாக. எஸ்.பி.ஜி. மிஷன் வழிவந்த புனித தோமா ஆலயத்தை நகரத்தார் இன்றும் 'எஸ்.பி.ஜி. சர்ச்' என்றே சொல்கிறார்கள்.

நிலத்தைக் கொண்டு உரிமை கேட்க முடியாத ஊரில், ஒருவரைச் சபைக்காரர் ஆக்குவது எது? மூன்று காரியங்கள் என்று எனக்குப் படுகிறது.

முதலாவது தண்ணீர். குழந்தைக்கு ஞானஸ்நானம், அதன் சார்பில் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். இரண்டாவது கை. விவரம் தெரிந்த வயதில் பிள்ளை ஞானோபதேச வகுப்பில் படித்து, தனக்காகப் பிறர் சொன்ன வாக்கைத் தன் வாயாலேயே சொல்லுகிறது. அத்தியட்சர் தலைமேல் கை வைத்து ஜெபிக்கிறார். இதுதான் திடப்படுத்தல். நற்கருணைப் பந்திக்கு அதுதான் வாசல். மூன்றாவது, ஊர் மாறிப் போகிறவருக்கு, கடிதம். பழைய சேகரத்து ஐயர், "இவர் எங்கள் சபையார்" என்று புதிய சேகரத்துக்கு எழுதித் தருவது. அதன் பேரில் பேர் ஏறும், சங்கக் காணிக்கை கட்டலாம், கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

இது எங்களுக்கும் புதிது அல்ல. சாவகன் என்றால் கேட்பவன் என்று பொருள். பிறப்பால் சமணனானாலும், ஐந்து அணுவிரதங்களைத் தானே ஏற்றால்தான் சாவகன் என்ற பேர் நிறைவாகிறது. பெற்றோர் கொடுத்ததைப் பிள்ளை தன் வாயால் ஏற்பது இரு பக்கமும் உண்டு. எங்களிடம் இல்லாதது அந்தக் கடிதம்தான். கொலனுபாக்கக் கோயிலில் கும்பிடுகிறேன். நகரத்து வடநாட்டுச் சமணரோடு உட்காருகிறேன். ஆனால் என் பிள்ளைகளை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ளவில்லை.

விருந்தாளியாக வந்து வீட்டுக்காரர் ஆன தமிழருக்குப் பெரிய உதாரணம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலிச் சபையாரின் இந்திய மிஷனெரி சங்கம் உண்டாக முன்நின்றார். 1909இல் நிஜாம் சீமையில் தோர்ணக்கல் வந்து தெலுங்கு மக்களோடு தங்கினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார். 1939இல் அவர் பிரதிஷ்டை செய்த தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் தூணும் மசூதிக் குமட்டமும் சேர்ந்தே நிற்கின்றன. 1945இல் காலமானார். தமிழை விடாமலே தெலுங்கருக்கு உறவானார். அதுதான் நாம் பார்க்க வேண்டியது.

1930 மார்ச் 1 முதல் இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துச் சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றைக்கு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று யாரையும் மறுபடி முழுக்காட்டவில்லை. அவரவர் பேர் இருந்த பதிவேடே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு!

அந்த எழுத்துதான் நமக்கும் வரலாறு. சென்னை மாகாண ஆலயங்களின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் வெள்ளைக்காரர் பேர். நடுநடுவே நம்மவரும் உண்டு. பட்டாளத்தோடு வந்த சாதாரணத் தமிழனுக்குக் கல்வெட்டு வைத்தவர் யார்? பதிவேட்டில் ஒரு வரிதான் அவனுக்குக் கல்வெட்டு.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிறிஸ்தவரோ, இந்துவோ, முஸ்லிமோ, சமணரோ, ஊரிலிருந்து ஒரு காகிதம் வாங்கி வையுங்கள். தாத்தா பேர், ஊர்ப் பேர், இங்கே வந்த வருஷம், இவற்றைத் தமிழில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால், கூடவே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். திருநெல்வேலிக்காரருக்குக் கல்யாண நேரத்தில்தான் அந்த அவசரம் தெரிந்தது. நமக்கு அதற்கு முன்பே தெரியட்டும்.