பட்டியலில் ஏறிய பெயர்

திருவள்ளூர் மாவட்டத்தில் பழங்குடி என்றால் பெரும்பாலும் இருளர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் மதில்களுக்கு அப்பால், ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும், அரிசி ஆலைகளையும் செங்கல் சூளைகளையும் ஒட்டியும் அவர்களுடைய குடிசைகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1,89,000 பேர். மலையாளிப் பழங்குடிக்கு அடுத்தபடி எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே. இத்தனை பேரைக் குறிக்கும் பெயருக்குள் இருப்பது 'இருள்' என்ற ஒரே சொல்.

அந்த இருள் எது? எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலின் காலத்திலிருந்தே இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டு வருகின்றன. கறுத்த மேனியர் என்பது ஒன்று. இருண்ட காட்டில் வாழ்பவர் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. சுற்றியிருந்த உழவரும் மீனவரும் வெயிலில் கறுத்தவர்களே. அவர்கள் பக்கத்துக் குடியை மட்டும் நிறத்தால் பிரித்துப் பெயரிட்டிருக்க வேண்டிய தேவை என்ன? இரண்டாவது விளக்கம் நீலகிரிச் சரிவுகளுக்குப் பொருந்தும். ஆனால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருப்பது முள்ளும் புதருமான காடு. அங்கே நண்பகலில் இருட்டுவதில்லை. 'இருள்' என்றே ஒரு மரம் உண்டு. கடினமான, கருஞ்சிவப்பு வயிரம் கொண்டது. அதுவும் மேற்கு மலைகளின் மரம்தான்.

மொழியைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகிறது. ஜெரார் டிஃப்லோத், கமில் சுவெலபில் ஆகிய அறிஞர்கள் நீலகிரி இருளரின் பேச்சை ஆராய்ந்து, அது தமிழுக்கு மிக நெருங்கிய தனித் திராவிட மொழி என்று காட்டினார்கள். திருவள்ளூர் இருளர் பேசுவது தமிழ், எல்லையோரத்தில் தெலுங்கு. பேச்சு வேறு, நிலம் வேறு, தொழிலும் பாதி வேறு. ஆகவே 'இருளர்' என்பது ஒரு குடி தனக்கு வைத்துக்கொண்ட பெயராக எனக்குத் தோன்றவில்லை. ஊரார் காட்டுப் பக்கம் கைநீட்டிச் சொன்ன பொதுப்பெயர் மெல்ல மெல்ல இனப்பெயராக இறுகியிருக்க வேண்டும். உலகெங்கும் சிறுபான்மைக் குடிகளுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. வட ஐரோப்பாவின் சாமி மக்களை மற்றவர்கள் நெடுங்காலம் 'லாப்' என்றே அழைத்தார்கள். இன்று அந்தப் பெயரை அவர்கள் ஏற்பதில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இவர்களுக்கு 'வில்லியர்' என்ற பெயரும் இருந்தது. வில் பிடித்தவர் என்ற நேரான பொருள். தமிழில் இது மதிப்புள்ள சொல்: வில்லி என்றால் அர்ச்சுனன், வில்லி என்றால் மன்மதன், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணத்தில் காட்டைத் திருத்தி ஊர் கண்ட வேடனின் பெயரும் வில்லிதான். இருளர், வில்லியர் இரண்டில் எது நிலைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், தொழிலின் திறமையைச் சொல்லும் இந்தப் பெயர்தான் என்பேன். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. பெயரைத் தாங்கிய தொழிலும் போயிற்று.

வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். அங்கே 'யானாதி' என்றொரு பழங்குடி பெருந்தொகையாக வாழ்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அவர்களுடைய பழைய வாழிடம். 1969இல் அது ராக்கெட் தளத்துக்குத் தேர்வானபோது இடம்பெயர்ந்தவர்களில் அவர்களும் உண்டு. எல்லையின் இந்தப் பக்கம், தெலுங்கு பேசும் இருளரை அக்கம்பக்கத்தார் 'ஏனாதி' என்று சொல்வதும் வழக்கம்.

தர்ஸ்டன் இந்தப் பெயரை 'அநாதி' என்ற வடசொல்லோடு சேர்த்தார்: தோற்றம் தெரியாதவர்கள் என்று பொருள் கொண்டார். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. அங்கே அது தொடக்கமே இல்லாத நிலைபேற்றைச் சொல்லும் சொல். ஒரு குடியின் தலையில் வைக்கும்போது மட்டும் வரலாறு அற்றவர்கள் என்றாகிவிடுகிறது. தமிழிலோ 'ஏனாதி' வேந்தர் படைத்தலைவனுக்கு அளித்த பட்டம். புறநானூறு 394ஆம் பாட்டின் தலைவன் சோழிய ஏனாதி திருக்குட்டுவன். வாட்பயிற்சி ஆசானான ஏனாதிநாதர் அறுபத்துமூவரில் ஒருவர். இரண்டையும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாடு ஆடாகவும் யாறு ஆறாகவும் ஆன தமிழில், யானாதி 'ஆனாதி' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது; இந்த உறவை நான் வலியுறுத்த மாட்டேன்.

பெயர் எதுவானாலும் நீரில் இறங்கும் கை ஒன்றுதான். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை, கழிமுகத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும், இருளர் பெண்கள் மார்பளவு நீரில் குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கையும் அடியில் துழாவ, அகப்பட்டது கூடைக்குள் விழும். வயலில் என்றால் எலி வளை. அடியில் துளையிட்ட பானையில் வைக்கோல் திணித்துத் தீ மூட்டி, வாயால் ஊதி வளைக்குள் புகை ஏற்றுவார்கள். எலியும் கிடைக்கும், அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். ஊதுகிறவரின் நெஞ்சுக்குள் போகும் புகைக்குக் கணக்கில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்தது. முன்பணம் வாங்கியவர்கள் அரிசி ஆலையிலும் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இந்த மாவட்டத்தில் மீட்புகள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் நடந்தன.

மீட்கப்பட்டவருக்கு வீட்டுமனை வேண்டும், பிள்ளைக்கு விடுதி வேண்டும். அதற்கு இனச்சான்று வேண்டும். 1989 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு வருகிறவர், பாம்பு பிடிப்பாயா, எலி பிடிப்பாயா என்று கேட்பதுண்டு. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாகப் போகும் இளைஞன் இதற்கு என்ன பதில் சொல்வான்? தமிழகப் பழங்குடிப் பட்டியலில் இருப்பது 'இருளர்' என்ற பெயர்தான், 'ஏனாதி' இல்லை. ஆந்திரப் பட்டியலில் 'யானாதி' இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தித் திருத்தணியை இந்தப் பக்கமும் சத்தியவேட்டை அந்தப் பக்கமும் வைத்தார்கள். மொழி பார்த்து இழுத்த கோடு அது. இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் காட்டுக்குடிகளுக்கு அதில் இடமில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லும் பெயரை ஒரு குடும்பம் வெள்ளந்தியாக மனுவில் எழுதிவிட்டால், மனு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. 2023 தொடக்கத்தில் நரிக்குறவர் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, குருவிக்காரர் என்ற மறுபெயரையும் அதே பதிவில் எழுதினார்கள். இருளர் என்ற பதிவுக்குப் பக்கத்தில் வில்லியரையும் ஏனாதியையும் அதேபோல் எழுத வேண்டும். அதுவரை, சான்று கேட்டு வருகிறவரிடம் பாம்பைப் பற்றிக் கேட்பதை விட்டு, அவருடைய உறவுமுறையையும் குலதெய்வமான கன்னியம்மன் வழிபாட்டையும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் வழக்கத்தையும் கேட்கட்டும்.