அமினோ அமிலப் பதிலீடு

புரதச் சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து அமர்வது அமினோ அமிலப் பதிலீடு எனப்படும். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். எந்த இடம், போனது எது, வந்தது எது என்ற மூன்றையும் பொறுத்து அந்தப் புரதத்துக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். உயிருக்கே உலை வைக்கும் நோயும் வரலாம்.

இதை விளங்கிக்கொள்ள ஹீமோகுளோபினைவிட நல்ல புரதம் இல்லை. மனிதரிடம் அதன் மாற்றுருவங்கள் ஆயிரத்துக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பல எந்தத் தொல்லையும் தராதவை. சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி பரிசோதனை செய்யும்போது வழக்கத்துக்கு மாறான ஒன்று அறிக்கையில் தலைகாட்ட, அப்போதுதான் ஐம்பது வயதில் தன் ரத்தத்தில் இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவருகிறது.

ஆறாம் இடம்

பெரியவர்களின் ஹீமோகுளோபினில் 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்பா சங்கிலி இரண்டும், 146 கொண்ட பீட்டா சங்கிலி இரண்டும் உண்டு. பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் இயல்பாக இருப்பது குளுட்டாமிக் அமிலம். அது எதிர்மின்னூட்டம் கொண்டது, நீரை விரும்புவது. மரபணுவில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி என்று மாறினால் அங்கே வாலின் வருகிறது. வாலினுக்கு மின்னூட்டம் இல்லை. நீரைக் கண்டால் ஒதுங்கும். அரிவாள் செல் ரத்தசோகைக்கு இந்த ஒரு மாற்றமே மூலம்.

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் ஒரு நோயாளியின் ரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைப் பதிவு செய்தார். 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, இதை மூலக்கூறு நோய் என்றார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று காட்டியவர் கேம்பிரிட்ஜின் வெர்னான் இங்கிரம். டிரிப்சின் நொதியால் ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக்கி, துண்டுகளைத் தாளின் மேல் முதலில் மின்சாரத்தாலும் பிறகு கரைப்பானாலும் பரவவிட்டார். இயல்பான ரத்தத்திலிருந்து கிடைத்த தாளையும் நோயாளியினுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் இருப்பதை 1957-க்குள் அவர் உறுதி செய்துவிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்த இந்தச் சோதனை, உயிர்வேதியியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒரு செய்தி உண்டு. வாலின் வந்ததால் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்கும் வேலையை மறந்துவிடுவதில்லை; மடிப்பும் குலைவதில்லை. கோளாறு ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையில்தான். திசுக்களில் ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் வடிவம் மாறுகிறது. அப்போது பீட்டா சங்கிலியின் 85-ஆம் இடத்து ஃபீனைல்அலனினும் 88-ஆம் இடத்து லியூசினும் சேர்ந்து அமைத்த ஒரு குழி வெளியே தெரிகிறது. பக்கத்து மூலக்கூறின் வாலின் அதில் கொக்கி போல மாட்டிக்கொள்கிறது. இப்படியே கோத்துக் கோத்து 14 இழைகள் முறுக்கிய நீண்ட நார் உருவாகிச் சிவப்பணுவை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. தாங்க முடியாத வலி வருகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு சில வாரங்கள்கூடத் தாங்குவதில்லை.

அதே ஆறாம் இடத்தில் லைசின் வந்தால் அது ஹீமோகுளோபின் சி. மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம். நேர்மின்னூட்டம் கொண்ட லைசின் அந்தக் குழிக்குள் போகாது, நார் உருவாகாது, நோயும் பொதுவாக லேசானது. அலனின் வந்தால் ஜி-மக்காசர். இந்தோனேசியாவில் முதலில் கண்டறியப்பட்ட இது யாரையும் படுத்துவதாகத் தெரியவில்லை. அலனினும் நீரை விலக்குவதுதான், ஆனால் சிறியது. ஆகவே இடத்தை மட்டும் வைத்தோ, வேதிக் குணத்தை மட்டும் வைத்தோ விளைவைச் சொல்லிவிட முடியாது.

மற்ற இடங்கள்

புரதத்தின் வெளிப்பரப்பில் நடக்கும் மாற்றங்களைப் புரதம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். உள்ளே நடப்பதை அவ்வளவு எளிதில் பொறுக்காது. ஆல்பா சங்கிலியின் 87-ஆம் இடத்து ஹிஸ்டிடின், ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் என்ற பகுதியின் இரும்பை நேராகப் பிடித்திருப்பது. அங்கே டைரோசின் வந்தால் இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்க முடியாத நிலையிலேயே தங்கிவிடுகிறது. ஜப்பானின் இவாத்தே பகுதியில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக உதடுகள் கறுத்திருந்ததற்கு இதுவே காரணம்.

புரோலினும் கிளைசினும் தனி ரகம். புரோலின் விறைப்பானது, ஆல்பா சுருளின் நடுவில் வந்தால் சுருளை முறிக்கும். பீட்டா சங்கிலியின் 28-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்த ஹீமோகுளோபின் ஜெனோவா நிலைகொள்ளாமல் சிதைந்து ரத்தசோகை தருகிறது. எந்த அமினோ அமிலம் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதை 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டார்கள். இன்றும் புதிய புரத வடிவம் ஒன்று வெளியானால் அதை அந்தக் கணக்கிலிருந்து பிறந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அதற்கு முன்பே ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரிச் சுருளை முன்மொழிந்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். சுருளின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. முதல்வகைக் கொலாஜனில் ஒரு கிளைசின் மாறினாலும் எலும்புகள் எளிதில் முறியும் பிறவிநோய் வரக்கூடும்.

பரவலும் சிகிச்சையும்

அரிவாள் செல் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954-ல் ஆந்தனி அலிசன் காட்டினார். மலேரியா மண்டலங்களில் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-ல். ஒழிப்புக்கான தேசிய இயக்கம் 2023-ல் தொடங்கியது. இலக்கு ஆண்டு 2047.

சிகிச்சையிலும் பதிலீடே பயன்படுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி உண்டு. அதன் 87-ஆம் இடத்தில், பீட்டாவில் உள்ளதுபோல் திரியோனின் அல்ல, குளுட்டமின் இருக்கிறது. நார் வளர்வதை அது தடுக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை இந்தக் கருப்பருவ ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. பீட்டா சங்கிலியிலேயே 87-ஆம் இடத்தில் குளுட்டமினை வேண்டுமென்றே வைத்து உருவாக்கிய மரபணுச் சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அறிவிக்கப்பட்ட விலை 31 லட்சம் டாலர். இந்தியாவில் இந்த நோயுள்ள பெரும்பாலோருக்கு எட்டக்கூடியது ஹைட்ராக்ஸியூரியாதான்.