கறுப்பு எந்த ஆண்டு வந்தது?

கறுப்பு ஒன்றைத் தவிர வேறு நிறத்தில் கார் தரமாட்டேன் என்று ஹென்றி ஃபோர்டு கேலியாக அறிவித்த கதையைக் கேட்காதவர்கள் குறைவு. 1922இல் சாமுவேல் க்ரோதரோடு சேர்ந்து எழுதிய சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார், ஆண்டும் தருகிறார்: 1909. முதலாளியே எழுதிவிட்டார், அப்புறம் சாட்சி எதற்கு என்று வரலாறும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாட்சி காரிலேயே இருக்கிறது. பழைய மாடல் டி ஒன்றின் மூலநிறத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, பிற்காலத்தில் பெயிண்ட் அடித்தவன் கை போகாத இடங்களை. இருக்கைக்கு அடியில், மரமும் தகடும் சேரும் இடுக்கில், திருகி வைத்த பட்டைகளுக்குப் பின்னால். மெல்லிய உப்புத்தாளை நனைத்து ஒரு ரூபாய்க் காசளவு தேய்த்தால் பூச்சுகள் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் தகடு, அதையொட்டி பிரைமர், அடுத்து தொழிற்சாலை நிறம், வெளியே மற்றதெல்லாம். சுவடியில் பாடபேதம் பார்க்கிற வேலை மாதிரிதான். ஏமாறவும் வழி உண்டு. வார்னிஷ் பழுத்து மஞ்சளானால் நீலம் பச்சையாகத் தெரியும். 1911க்குப் பிறகு பூசிய கரும் நீலத்தை நிழலில் பார்த்துக் கறுப்பு என்று சொல்லிவிடலாம்.

சுரண்டிப் பார்த்ததும், கம்பெனியின் பழைய தாள்களும் சொல்வது ஒன்றே. 1909 வண்டிகள் சிவப்பு, சாம்பல், பச்சை. பிறகு பச்சை மட்டும், அதன்பின் நீலம். கறுப்பு மட்டும் என்ற காலம் 1914 முதல் 1925 வரை. அதாவது ஃபோர்டு குறிப்பிடும் ஆண்டில் அவர் விற்ற கார் கறுப்பே இல்லை!

இதை முதியவரின் மறதி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1913இல் ஹைலண்ட் பார்க்கில் நகரும் வரிசை வந்தது. சுமார் பன்னிரண்டரை மணிநேரம் பிடித்த சேஸி பூட்டும் வேலை 1914இல் 93 நிமிடமாயிற்று. அந்த வேகம் தாங்காமல் ஆட்கள் ஓடினார்கள்; 1913இல் தொழிலாளர் வெளியேற்றம் 370 சதவீதம். நாளுக்கு ஐந்து டாலர் வந்தது அதற்கப்புறம்தான். எந்த மட்கார்டும் எந்த வண்டிக்கும் பொருந்தவேண்டிய இடத்தில் நான்கு நிறம் என்பது தொல்லை. கறுப்பு மலிவு, உழைக்கும். அதுவும் ஒரே கறுப்பு இல்லை. முக்கி எடுக்க ஒன்று, குழாயால் ஊற்ற ஒன்று, அடுப்பில் சுட ஒன்று எனப் பாகத்துக்கொரு கலவை. சுடுகிற கலவையில் சேர்வது நிலக்கீல், அது கறுப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

கறுப்பை 1914இல் வைத்தால் அதில் அந்த வரிசையும், அதில் நின்றவர்களும், ஓடிப்போனவர்களும் தெரிவார்கள். 1909இல் வைத்தால் முதலாளியின் தீர்க்கதரிசனம் மட்டும் மிஞ்சும். சுயசரிதை எதைத் தேர்ந்தது என்பது தெரிந்ததுதானே.

சீக்கிரம் காயும் டூக்கோ பெயிண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லண்டு கார்களில் நீலமாகக் கொண்டுவந்தது. போட்டி இறுகியபின் 1926 மாடலில் ஃபோர்டும் நிறத்துக்குத் திரும்பினார்.

இப்போது ஒரு சங்கடம். மூலநிறத்தைக் கண்டுபிடித்த கையோடு வண்டியைத் தகடுவரை உரித்துப் புதிதாக அடித்துவிடுகிறார்கள். நிறம் திரும்பிவிடுகிறது, வளையங்கள் போய்விடுகின்றன. நடுவில் எவனோ ஒரு சொந்தக்காரன் வீட்டில் கிடந்த பெயிண்டைத் தூரிகையால் இழுத்துவிட்டதும் சேர்ந்து போகிறது. இருக்கைக்கு அடியில் ஒரு கையளவு இடத்தையாவது தொடாமல் விடலாம்.