சௌகாட்: டாலிகஞ்சின் பழைய நிலைகளும் புதிய கதவுகளும்

கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் வாசற்கதவு பழுதுபட்டால், முதலில் உளுத்துப்போவது மழைச்சாரல் படும் அடிச்சட்டமே. இரும்புக் கொக்கிகளால் சுவரோடு பிணைக்கப்பட்ட நிலை பெரும்பாலும் உறுதியாகவே நிற்கும். ஆகவே தேவைப்படுவது புதிய கதவு மட்டும். ஆனால் ஆயத்தக் கதவுகள் விற்கும் கடையில் அந்நிலையின் அளவு ‘வழக்கத்திற்கு மாறானது’ என்று பெயர் பெற்றுவிடுகிறது. வரலாற்றின்படி நோக்கினால் இப்பெயர் தலைகீழானது. வழக்கம்தான் நிலைக்குப் பின்னால் வந்தது.

வில்லியம் டாலி 1775-77ஆம் ஆண்டுகளில் ஆதிகங்கையின் தூர்ந்த பாதையை வெட்டித் திருத்தியதால் இப்பகுதி அவர் பெயரைப் பெற்றது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் வேலூர்க் கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்ட திப்பு சுல்தானின் குடும்பத்தார் குடியமர்த்தப்பட்டதும் இங்கேதான். (தமிழக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வேலூரோடு இக்கதையை முடித்துவிடுகின்றன.) நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகளின் குடியிருப்புகள் எழுந்தன, 1986இல் மெட்ரோ வந்தது. வெவ்வேறு காலத்து அளவுகளில் அமைந்த வீடுகள் ஒரே தெருவில் நிற்பதன் காரணம் இதுவே.

இங்கே சொற்களும் சான்றாகின்றன. சன்னலுக்கு வங்காளத்தில் ‘ஜானாலா’, திறவுகோலுக்குச் ‘சாபி’, தச்சருக்கு ‘மிஸ்திரி’. தமிழின் ஜன்னல், சாவி, மேஸ்திரி ஆகியவற்றைப் போலவே இவையும் போர்த்துகீசியம் தந்தவை. கதவைக் குறிக்கும் ‘தர்ஜா’ பாரசீகத்திலிருந்து வந்தது. நிலைக்கோ ‘சௌகாட்’ என்ற உள்நாட்டுச் சொல்லே நிலைத்தது: ‘சௌ’ நான்கு, ‘காட்’ மரம். இரு பக்கக் கால்கள், மேற்கட்டை, தரையிலுள்ள அடிக்கட்டை என நான்கு மரங்கள். நான்காவது மரத்தின் சிறப்பால் அச்சொல் வாசற்படியையும் குறிக்கலாயிற்று.

இன்றைய நிலைகளில் பெரும்பாலும் அந்த நான்காவது மரம் இல்லை. கதவு தரைக்குச் சற்று மேலே நின்றுவிடும். பழைய நிலையிலோ கதவு அடிக்கட்டையின் மீதோ அதன் வெட்டுக்குள்ளோ பொருந்த வேண்டும். எனவே உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதே இரண்டிலும் வேறுபடுகிறது. கடைக்காரரும் வீட்டுக்காரரும் ஒரே எண்ணைச் சொல்லி இரு வேறு பொருள் கொள்ளும் இடம் இது.

பழைய தச்சர்கள் நிலையையும் கதவையும் ஓரிணையாகவே செய்தனர். கதவின் அளவுக்கு அந்த நிலையைத் தவிர வேறு இலக்கணம் தேவைப்படவில்லை. 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனமும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த மெட்ரிக் முறையும் இவ்விணையைப் பிரித்தன. புதிய தரங்கள் 100 மி.மீ. அலகில் அமைந்தன. மூன்றரை அடி அகலமும் ஏழரை அடி உயரமும் கொண்ட ஒரு திறப்பு 1067 × 2286 மி.மீ. ஆகும். அதை நெருங்கும் 1000 × 2100 மி.மீ. திறப்புக்கான கதவு, அகலத்தில் 67 மி.மீ. போதாது, உயரத்தில் 186 மி.மீ. குறையும். பெரிய கதவை வாங்கிச் செதுக்குவதற்கும் எல்லையுண்டு. அதிகம் செதுக்கினால் சட்டங்களைப் பிணைக்கும் கழுந்துகளே வலுவிழக்கும். வெயிலும் மழையும் படும் வாசலுக்கு, உள்ளறைக்கான ஒட்டுப்பலகைக் கதவும் உதவாது. அதன் பசை விட்டுவிடும்.

மரமும் அன்றைய மரமன்று. கொல்கத்தாவின் மாளிகைகளுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் தேக்கு தந்தது பர்மா. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் முழுத்தடி ஏற்றுமதியைத் தடைசெய்தது. எனவே இடிக்கப்படும் வீடுகளின் பழங்கதவுகளுக்கு மதிப்புண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் காணப்படும் அதே வாணிகம்தான். ஆயினும் அக்கதவுகள் வேறொரு நிலைக்கு அளந்தவை. இரட்டைக் கதவானால் நடுவிளிம்பில் சிறிது கூட்டவோ குறைக்கவோ இயலும். ஒற்றைக் கதவில் அச்சலுகை குறைவு.

இறுதியில் பணி தச்சரிடமே திரும்புகிறது. மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில் அகலம். இரு பக்கமும் உயரம். மூலைக்கு மூலை குறுக்களவு. நூறாண்டுச் சுவர் சற்றே சாய்ந்திருந்தால் குறுக்களவுகள் இரண்டும் ஒத்துவராது. அப்போது கதவும் அச்சாய்வுக்கேற்பவே அறுக்கப்படுகிறது, வங்காளத்து மழைக்காலத்தில் மரம் ஊதுவதற்கு ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு.