முக்கோணவியல் கணக்குகள்: படத்திலிருந்து விடை வரை

முக்கோணத்தின் பக்கங்களுக்கும் கோணங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கணிதப் பிரிவு முக்கோணவியல். இலங்கைப் பள்ளிகளில் இது திரிகோண கணிதம். தெரிந்த இரண்டு மூன்று அளவுகளைக் கொண்டு, நேரில் போய் அளக்க முடியாத நீளத்தையோ கோணத்தையோ கண்டறிவது இதன் வேலை. ஆற்றின் அகலம், மலையின் உயரம், பூமியின் ஆரம் எல்லாம் இதற்குள் அடங்கும். பத்தாம் வகுப்பில் இப்பாடத்தைப் படிக்கும் பலர், சூத்திரங்கள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தும் கணக்கைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். சூத்திரத்துக்கு வேலை வருவது கடைசியில்தான். அதற்கு முன்பு, கேள்வியின் சொற்களுக்குள் இருக்கும் முக்கோணத்தைக் கண்டெடுத்துத் தாளில் வரைந்தாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் அந்த இடத்திலேயே நடந்துவிடுகின்றன.

செங்கோண முக்கோணம் ஒன்றில் 90 பாகைக்கு எதிரே உள்ள நீண்ட பக்கம் கர்ணம். மீதியுள்ள கோணங்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால், அதற்கு நேரெதிரே இருப்பது எதிர்ப்பக்கம். கர்ணம் தவிர அக்கோணத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அடுத்துள்ள பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன்ஜென்ட். இவற்றின் தலைகீழிகளே கொசீக்கன்ட், சீக்கன்ட், கோடேன்ஜென்ட் ஆகிய மூன்றும்.

இந்த விகிதங்கள் ஏன் மாறுவதில்லை? 30 பாகைக் கோணம் கொண்ட செங்கோண முக்கோணம் உள்ளங்கை அளவில் இருந்தாலும் மைதானம் அளவில் இருந்தாலும் எதிர்ப்பக்கம் கர்ணத்தில் சரிபாதிதான். கோணங்கள் சமமான முக்கோணங்கள் வடிவொத்தவை. அவற்றின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் வளர்கின்றன, ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. முக்கோணவியல் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீது நிற்கிறது. இதை விட்டுவிட்டு 30, 45, 60 பாகைகளின் அட்டவணையை மட்டும் உருப்போடுவது வீண் சுமை. அந்த மதிப்புகளுக்கு இரண்டு படங்களே போதும். பக்கம் 2 கொண்ட சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து இரண்டாகப் பிரித்தால் 1, √3, 2 என்ற பக்கங்கள் கிடைக்கும். 30, 60 பாகைகளின் விகிதங்கள் அதிலிருந்து வந்துவிடும். பக்கம் 1 கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம் √2. அதிலிருந்து 45 பாகை.

உயரங்களும் தொலைவுகளும் பற்றிய கணக்குகளில் இரண்டு கோணங்கள் அடிக்கடி வருகின்றன. கிடைமட்டக் கோட்டிலிருந்து பார்வை மேலே உயரும் அளவு ஏற்றக்கோணம். கீழே தாழும் அளவு இறக்கக்கோணம். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணத்தைச் சுவருக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவே குறித்துவிடுவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. இறக்கக்கோணம் கிடைமட்டத்திலிருந்துதான் அளக்கப்படுகிறது. ஆகவே உச்சியில் முதலில் ஒரு கிடைக்கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். அக்கோடு தரைக்கு இணையானது என்பதால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற விதிப்படி படகிலிருந்து உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணமும் அதே அளவாக இருக்கும்.

பொதுத்தேர்வுகளுக்குப் பழக்கமான கணக்கு ஒன்று உண்டு. சமதரையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் குன்றின் உச்சி 30 பாகையில் தெரிகிறது. குன்றை நோக்கி 100 மீட்டர் நடந்தபின் 60 பாகையில் தெரிகிறது. குன்றின் உயரம் என்ன? அடிவாரத்தின் மையத்துக்குப் போக வழியில்லை. அதனால்தான் இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறோம். படத்தில் ஒரே உயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். இரண்டாவது இடத்திலிருந்து உச்சியின் நேர்கீழ்ப் புள்ளி வரை உள்ள தொலைவை ‘தொ’ என்போம். சிறிய முக்கோணத்தின்படி உயரம் √3 × தொ. பெரிய முக்கோணத்தின்படி உயரம் (தொ + 100) ÷ √3. இரண்டும் ஒரே உயரம் என்பதால் 3 × தொ = தொ + 100. எனவே தொ 50 மீட்டர், உயரம் 50√3, அதாவது ஏறத்தாழ 86.6 மீட்டர். கர்ணம் எங்கும் பேசப்படவில்லை. ஆகவே சைனும் கொசைனும் இங்கே தேவைப்படவில்லை. எந்தப் பக்கங்கள் தெரியும், எது வேண்டும் என்று பார்த்தாலே விகிதம் தானாக முடிவாகிவிடும்.

இது வெறும் தேர்வுக் கணக்கு அன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்-பிரூனி என்ற அறிஞர், இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருக்கும் நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை இதே இரட்டைக் கோண முறையில் கணித்தார். கிடைத்த உயரம் சுமார் 652 முழம். பிறகு அவர் மலையுச்சிக்கு ஏறி, சமவெளியின் விளிம்பில் தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். அது 34 கலை; ஒரு பாகையில் 60 கலைகள் என்பதால் அரைப் பாகையை விடச் சற்றே அதிகம். இந்த இரண்டு எண்களிலிருந்து அவர் பூமியின் ஆரத்தையே கணித்தார்.

அதற்கான படம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. உச்சியிலிருந்து தொடுவானத்துக்குச் செல்லும் பார்வைக்கோடு பூமி உருண்டையைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு. தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. அங்கே 90 பாகை. உச்சியிலிருந்து பூமியின் மையத்துக்குப் போகும் கோடு கிடைமட்டத்துக்குச் செங்குத்து. ஆகவே மலையுச்சியில் உள்ள கோணம் 90 பாகையில் 34 கலை குறைவு. மூன்று கோணங்களின் கூட்டல் 180 ஆக வேண்டுமானால் மையத்தில் உள்ள கோணமும் 34 கலைதான். அக்கோணத்தின் கொசைன், ஆரத்தை (ஆரம் + மலையின் உயரம்) என்பதால் வகுத்துக் கிடைப்பது. தெரியாதது ஒன்றே ஒன்று: ஆரம். ஒரு சமன்பாடு, ஒரு விடை. கணிதத்தில் இவ்வளவு சிறிய படம் இவ்வளவு பெரிய பொருளை அளந்த இடங்கள் மிகச் சில.

அதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. மிகச் சிறிய கோணத்தின் கொசைன் 1ஐ ஒட்டியே இருக்கும். 34 கலைக்கு அது 0.99995. நான்கு தசம இடங்களோடு நிறுத்தினால் அது 1 ஆகிவிடும், ஆரமும் கைநழுவும். அளவீட்டிலும் அப்படித்தான்: 34க்குப் பதிலாக 33 கலை என்று படித்தால் விடை ஏறத்தாழ 6 விழுக்காடு கூடிவிடும். இடையிலேயே தோராயமாக்காமல், கடைசி வரியில் மட்டும் தசமத்துக்கு மாறுவது நல்ல பழக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விகித மதிப்புகளைக் கண்டறிவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. கிரேக்கத்தின் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வட்ட நாண்களுக்கு அட்டவணை அமைத்தார். ஆரியபட்டர் தம் ஆரியபடீயத்தில் 3 பாகை 45 கலை இடைவெளியில் 24 அரைநாண் மதிப்புகளைப் பெற வழிசெய்தார். அவை இன்றைய சைன் அட்டவணையின் முன்னோடி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பாஸ்கரர் அட்டவணையே வேண்டாம் என்னும் அளவுக்கு ஒரு வழியைக் கொடுத்தார். கோணத்தை 180இலிருந்து கழித்து, அந்த விடையைக் கோணத்தாலேயே பெருக்க வேண்டும். பெருக்கலின் நான்கு மடங்கை, 40,500இலிருந்து அப்பெருக்கலைக் கழித்து வருவதால் வகுத்தால் சைன். 30 பாகைக்குப் பெருக்கல் 4,500. 18,000ஐ 36,000ஆல் வகுக்க, துல்லியமாக அரை. 45 பாகைக்கு 0.7059 வருகிறது, உண்மை மதிப்பு 0.7071. கணிப்பானைக் கையில் வைத்திருக்கும் மாணவர் ஒருமுறையாவது இதைத் தாளில் செய்து பார்க்க வேண்டும்.

கணிப்பானில் ஒரு கண்ணி உண்டு. அது பாகையில் இருக்கிறதா, கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்காமல் சைன் 30 கேட்டால், ரேடியனில் இருக்கும் கணிப்பான் 0.5க்குப் பதில் −0.988 என்று காட்டும்.

முற்றொருமைகளை நிறுவும் கணக்குகள் வேறு வகை. சைன்² அ + கொசைன்² அ = 1 என்பது பிதாகரஸ் தேற்றமே; கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்து எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டேன்ஜென்ட் அ + கோடேன்ஜென்ட் அ என்பது சீக்கன்ட் அ × கொசீக்கன்ட் அ என்று நிறுவச் சொன்னால், எல்லாவற்றையும் சைன், கொசைனாக மாற்றிப் பொதுப் பகுதியின் கீழ்க் கொண்டுவர வேண்டும். தொகுதியில் மேற்சொன்ன 1 வந்து நிற்கும். இருபுறத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே போகாமல், சிக்கலான பக்கத்தில் தொடங்கி எளிய பக்கத்தை அடைவது ஒழுங்கான முறை. சந்தேகம் வந்தால் 30 பாகையை இட்டுப் பார்க்கலாம்: இருபுறமும் 2.309. இது நிரூபணம் ஆகாது, ஆனால் தவறான பாதையை உடனே காட்டிக்கொடுக்கும். சைன் (அ + ஆ) என்பதைச் சைன் அ + சைன் ஆ என்று பிரிப்பவர்களுக்கும் இதே மருந்து. சைன் 60 என்பது 0.866, இரண்டு சைன் 30களின் கூட்டல் 1.

சமன்பாடுகளில் விடைகள் தொலைவதுதான் ஆபத்து. 0 முதல் 360 பாகைக்குள், 360 நீங்கலாக, சைன் 2அ = சைன் அ என்பதைத் தீர்க்கச் சொன்னால், இடப்பக்கத்தை 2 × சைன் அ × கொசைன் அ என்று விரித்துவிட்டு இருபுறமும் சைன் அ-வால் வகுப்பவர்கள் பலர். கொசைன் அ = ½, ஆகவே 60, 300 என்று முடித்துவிடுவார்கள். சைன் அ பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதால் அப்படி வகுக்கக் கூடாது. ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் 0, 180 ஆகிய இரண்டும் சேர்ந்து நான்கு விடைகள் வரும்.

செங்கோணம் இல்லாத முக்கோணங்களுக்குச் சைன் சூத்திரமும் கொசைன் சூத்திரமும் இருக்கின்றன. இரு பக்கங்களையும் அவற்றுக்கு இடையிலான கோணத்தையும் மூன்றாவது பக்கத்தோடு இணைப்பது கொசைன் சூத்திரம். பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று பக்கங்களுக்கும் ஒரே எண் வரும் என்பது சைன் சூத்திரம். இந்திய நிலப்பரப்பின் அளவீடே சைன் சூத்திரத்தை நம்பி நடந்தது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையிலிருந்து தெற்கே சுமார் 7.5 மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். பின்னர் மலையுச்சிகளிலும் கோபுரங்களிலும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை ஏற்றிக் கோணங்கள் எடுக்கப்பட்டன. அடிக்கோட்டின் இரு முனைகளிலும் கோணம் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும், அவை அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அந்தக் கருவி மோதிச் சேதமடைந்து, பிறகு பழுதுபார்க்கப்பட்டது. இந்த முக்கோணச் சங்கிலி இமயம் வரை நீண்டது. கணிதர் ராதாநாத் சிக்தரின் கணக்கீடுகளை ஒட்டி, பின்னாளில் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்ற சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது.

சைன் சூத்திரத்தில் ஒரே ஒரு சிக்கல் கவனத்துக்குரியது. இரண்டு பக்கங்களும், அவற்றில் ஒன்றின் எதிர்க்கோணமும் கொடுக்கப்பட்டால் முக்கோணம் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. கோணம் 30 பாகை, அதன் எதிர்ப்பக்கம் 6, மற்றொரு பக்கம் 10 என்றால் அந்த மற்றொரு பக்கத்தின் எதிர்க்கோணத்தின் சைன் 0.8333. கணிப்பான் 56.44 பாகை என்று மட்டும் சொல்லும், 123.56 பாகைக்கும் அதே சைன்தான், 30ஐச் சேர்த்தாலும் 180க்குள் அடங்குகிறது. இரண்டு முக்கோணங்களுமே உண்மை. கொசைன் சூத்திரத்தில் போட்டால் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: மூன்றாவது பக்கத்துக்கு ஓர் இருபடிச் சமன்பாடு அமையும், அதன் மூலங்கள் ஏறத்தாழ 11.98, 5.34 என இரண்டும் மிகை எண்களாகவே வரும்.